எண்பத்தைந்து நாழிகை

1947ஆம் வருஷம் பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை, தங்கத்தாய் தூத்துக்குடியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலேறினாள். அவளுக்கும் எஸ்றாவுக்கும் கல்யாணமாகி அன்றோடு இருபத்தோரு நாள். அதில் பாதி விருந்துச் சாப்பாட்டிலும் மீதி வயிற்றுக் கோளாறிலும் போயிருந்தது. இருவரும் தனியாகப் பேசிக்கொண்டதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம்.

பிரசவ நர்சுப் படிப்புக்கு அவள் கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்பே மனுப் போட்டிருந்தாள். இடம் கிடைத்ததாகக் கடிதம் கல்யாணத்துக்குப் பின்பு வந்தது. பதினெட்டு மாதப் படிப்பு. அதற்குமேல் ஆறு மாதம் அங்கேயே கட்டாய வேலை. "போகட்டுமா?" என்று கேட்டாள். எஸ்றா "போ" என்றான். வேறு என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவளை அந்த அளவுக்கு அவன் அறியமாட்டான்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள். "எப்பம் வருவிய?"

"ஞாயித்துக்கிழமைதான் எனக்கு லீவு."

"இந்த ரயிலு நாளைக்கு மத்தியானம்தான் போய்ச் சேருமாம்."

மணியாச்சி, திருநெல்வேலி, செங்கோட்டை, மலையைக் குடைந்து கொல்லம், பிறகுதான் திருவனந்தபுரம். சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் ஞாயிறு பொழுதடையும்போது போய் இறங்கலாம். இறங்கிய காலோடு திரும்பி ஏறினாலும் திங்கட்கிழமை வேலைக்கு வந்து சேர முடியாது. "பாப்போம்" என்றான். அதற்குமேல் ரயில் பேச விடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வருகிறவள் தன்னை அடையாளம் கண்டுகொள்வாளா என்பது வீட்டுக்கு நடக்கும்போது அவனுக்கு வந்த கவலை. தான் அவளைக் கண்டுகொள்வோமா என்பது, வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது வந்த கவலை. இரண்டாவதுதான் அவனை விடாமல் பிடித்துக்கொண்டது.

எஸ்றாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சொந்த ஊர் நாசரேத். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, முத்து முத்தான கையெழுத்தோடு தூத்துக்குடிக்கு வந்தவன். ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் குமாஸ்தாவாக உட்கார்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளிக் கடலிலேயே நிற்கும். பஞ்சுப் பொதியும் உப்பும் தோணியில்தான் கப்பலுக்குப் போகும். கப்பல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கேட்டால், தோணியை ஓட்டும் தண்டல் எவனும் மைலில் பதில் சொன்னதில்லை. "காத்து வாகா இருந்தா ஒண்ணரை மணி" என்பான். அதே கப்பல், அதே இடம், மறுநாள் கேட்டால் "மூணு மணி" என்பான். கொழும்பு எவ்வளவு தூரம் என்றால் "ரெண்டு நாள்." தூரத்தை நேரத்தில்தான் சொல்வது என்பதில் தூத்துக்குடியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

மார்ச் மாதம் ஊருக்கு ஒரு விமானக் கம்பெனி வந்தது. திருவனந்தபுரத்து முதலாளிகள் சிலர் சேர்ந்து, யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த சிறிய விமானம் ஒன்றை எடுத்திருந்தார்கள். இரட்டை இறக்கை, ஆறு இருக்கை. தூத்துக்குடிக்கு மேற்கே பட்டாளத்தார் போட்டுவிட்டுப் போன ஓடுதளத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கிருந்து ஞாயிறு, செவ்வாய், வியாழன் காலை எட்டு மணிக்கு விமானம் கிளம்பும், சாயங்காலம் திரும்பும். டிக்கெட் விற்க உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்று விளம்பரம் செய்தார்கள். அதன் கடைசி வரியில், 'இருக்கை காலியாக இருந்தால் சிப்பந்தி இலவசமாகப் பிரயாணம் செய்யலாம்' என்று இருந்தது. எஸ்றா மற்ற வரிகளை ஒரு தடவையும் அந்த வரியை நாலு தடவையும் படித்தான்.

வேலையை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டதும் அவனுடைய மாமனார் தேவதாசன் நாசரேத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். அவர் பெரிய பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மாப்பிள்ள, ஏழு வருஷ வேலையை விட்டுட்டு, தகர டப்பாவுக்கு டிக்கெட்டுக் கிழிக்கப் போறியளாமே?"

"ஆமா மாமா."

"எதுக்கு?"

உங்கள் மகளைப் பார்க்க என்று மாமனாரிடம் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "முன்னேற்றம் இருக்கு மாமா" என்றான்.

"ஞாயித்துக்கிழமையும் ஓடுமாமே. அப்பம் கோயிலுக்கு?"

"மேல போயிட்டுத்தான வாறேன்."

தேவதாசன் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்.

கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு கடை முகப்பை வாடகைக்குப் பிடித்து டிக்கெட் ஆபீஸ் திறந்தார்கள். வாசலில் பலகை வைக்க வேண்டிய விவரத்தைத் திருவனந்தபுரத்து மானேஜர் தன் கைப்படத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார். 'திருவனந்தபுரம். தூரம் 85 நாழிக. நேரம் 50 மினிட்.' இங்கிலீஷ் பலகை பின்னால் வரும் என்றும் எழுதியிருந்தார். அது கடைசிவரை வரவில்லை.

எஸ்றா மிஷன் பள்ளிக்கூடத்துப் பையன். எழுத்துப் பிழை அவனுக்கு ஆகாது. 'நாழிக'வை 'நாழிகை' என்று திருத்தினான். 'மினிட்'டை 'நிமிஷம்' ஆக்கினான். பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தான். நாழிகைக்கு இருபத்துநாலு நிமிஷம். எண்பத்தைந்து நாழிகை என்றால் முப்பத்துநாலு மணி நேரம். சரிதான், மானேஜர் ரயில் பிரயாணத்தைச் சொல்கிறார்; மணியாச்சியிலும் கொல்லத்திலும் காத்துக் கிடப்பதையும் சேர்த்திருக்கிறார்; ரயிலில் முப்பத்துநாலு மணி, விமானத்தில் ஐம்பது நிமிஷம் என்று காட்டுகிறார் என்று தனக்குத் தானே விளக்கிக்கொண்டான். மானேஜர் கெட்டிக்காரர் என்று தோன்றியது.

பலகையை எழுதியவன் சொரிமுத்து. தோணிகளுக்குப் பெயர் எழுதுவது அவன் தொழில். 'தூரம் 85 நாழிகை, நேரம் 50 நிமிஷம்' என்று நீலத்தில் எழுதி, கேட்காமலே கீழே ஒரு நங்கூரமும் போட்டான். நங்கூரம் இல்லாமல் அவனுக்குக் கை நிற்காது.

ஊர் பலகையைப் படித்தது. படித்துவிட்டுத் தள்ளி நின்றது.

முப்பத்துநாலு மணி நேரம் ஆகாயத்தில் இருக்க வேண்டும் என்பதில் ஊருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. தூரம் என்று போட்டுத்தான் நாழிகை எழுதியிருக்கிறது. அப்படியானால் கீழே இருக்கும் ஐம்பது நிமிஷம் எதற்கு என்பதில்தான் இரண்டு கட்சி. வழியில் எங்கேயோ இறக்கிச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் என்றது ஒரு கட்சி. கம்பெனி யோக்கியமான கம்பெனி, சொன்ன நேரத்துக்கு மேல் எவ்வளவு பிந்தும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றது இன்னொன்று.

உப்பு வியாபாரி ஒருவர் வாசற்படியில் நின்று விசாரித்தார். "தம்பி, ஒண்ணரை நாளு. உள்ள ஒதுங்குறதுக்கு எடம் உண்டா?"

"ஐம்பது நிமிஷம்தான் அண்ணாச்சி."

"அது சாப்பிட. நான் கேக்கது வேற."

"காலையில எட்டு மணிக்குப் போற பிளேன் சாயந்தரம் அஞ்சு மணிக்கு இங்கன வந்து நிக்கே. நீங்க பாக்கலியா?"

வியாபாரி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "நேத்துக் காலையில அங்கன ஏறுனது இன்னைக்குச் சாயந்தரம் இங்கன வருது. இது தெரியாமலா நாங்க இருக்கோம்? கம்பெனிகிட்ட ஒரே மாதிரி மூணு பிளேன் இருக்குல்லா."

ஒரே ஒரு விமானம்தான் என்று எஸ்றா சொன்னான். கம்பெனி ஆள் அப்படித்தான் சொல்வான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் துணிந்து போய்வந்த பஞ்சுத் தரகர் ஒருவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடித்த அடியில் கண்ணைத் திறக்காமல் வாந்தி எடுத்துக்கொண்டே போனவர். எண்பத்தைந்து நாழிகை இருக்குமா என்று கேட்டவர்களிடம், "கூடவே இருக்கும்" என்றார்.

ஆறு இருக்கையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு நிரம்பினால் பெரிய காரியம். எஸ்றா பஞ்சுப் பொதி நிறுக்கும் தராசில் பயணிகளை நிறுத்து ஏற்றிவிட்டு, கடைசியில் தானும் ஏறி நின்று, தன் எடையையும் எழுதிக்கொண்டு, காலி இருக்கையில் போய் உட்கார்ந்தான்.

நர்சு விடுதியில் பார்வையாளர் நேரம் பத்திலிருந்து பன்னிரண்டு வரை. வராந்தாவில் ஒரு பெஞ்சு. எதிரே வார்டன் அம்மாள் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பார். முதல் ஞாயிறு தங்கத்தாய் அவனைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"என்ன, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா? இம்புட்டுத் தூரமா?"

"ஐம்பது நிமிஷம்."

அன்றைக்கு இரண்டு மணி நேரத்தில் மாமனார் வீட்டு ஆடு குட்டி போட்டதைப் பற்றிப் பேசினார்கள். மீதி நேரம் வார்டன் அம்மாளின் பின்னலைப் பார்த்தார்கள். இரண்டாவது ஞாயிறு ஆட்டுக்குட்டியின் நிறத்தைப் பற்றிப் பேச்சு நடந்தது. மூன்றாவது ஞாயிறு, பேச்சுக்கு ஒன்றும் இல்லாமல், "இங்கயிருந்து கடக்கரை எம்புட்டுத் தூரம்?" என்று எஸ்றா கேட்டான்.

"நாலு நாழிக."

அவன் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தான். "ஒண்ணரை மணி நேரம் நடக்கணுமா?"

"நடந்தா அம்புட்டுத்தான் ஆகும். ஆனா இங்க நாழிகன்னா மைலுல்லா. நாலு மைலு." அவன் முகத்தைப் பார்த்து அவள் நிறுத்தினாள். "என்ன, ஒரு மாதிரி ஆயிட்டிய?"

எஸ்றா பலகையைப் பற்றிச் சொன்னான். தான் பிழை திருத்தியதைச் சொன்னான். சாப்பாட்டுக் கட்சி, யோக்கியக் கட்சி, மூன்று விமானம், தரகர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். தங்கத்தாய் முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வார்டன் அம்மாள் ஊசியைக் கீழே வைக்கும் அளவுக்குச் சிரித்தாள். கல்யாணமான பிறகு அவள் அவன் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை. இடது பக்கம் ஒரு பல் கொஞ்சம் ஏறியிருப்பதை எஸ்றா அன்றைக்குத்தான் பார்த்தான்.

"போனதும் மாத்திருவியளா?"

"மாத்தணும். மாத்துனா ஊரே ஏறும். எல்லா சீட்டும் நிறைஞ்சிரும்."

பன்னிரண்டு மணி அடித்தது. எழுந்திருக்கும்போது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அப்பம் மாத்த வேண்டாம்" என்றாள்.

பலகை அப்படியே இருந்தது. ஏப்ரல், மே, ஜூன் என்று ஒரு ஞாயிறு விடாமல் எஸ்றா போனான். கச்சான் காற்று எழும்பியதும் மேற்கே போகையில் எழுபது நிமிஷமும், திரும்புகையில் நாற்பது நிமிஷமும் ஆயிற்று. தூரம் ஒன்று, நேரம் இரண்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வராந்தாவுக்கு வந்துவிடும் தங்கத்தாய், "இன்னைக்கு இருபது நிமிஷம் காத்து தின்னுட்டு" என்பாள். அவள் கோபப்பட்டால் பேசமாட்டாள், பசித்தால்தான் கோபப்படுவாள் என்பது தெரிந்தது. அவன் எதையும் நேராகக் கேட்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆட்டுக்குட்டி வளர்ந்து, விற்றுப்போய், பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது. ஆகஸ்டில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. கிரேட் காட்டன் ரோட்டில் எல்லாப் பலகைக்கும் மாவிலை கட்டினார்கள். எஸ்றா தன் பலகைக்கும் கட்டினான்.

உண்மை தெரிந்த பயணி ஒருவர் உண்டு. காயல்பட்டினத்து செய்கு அப்துல் காதிர். முத்தும் கல்லும் எடுத்துக்கொண்டு திருவிதாங்கூர்ப் பக்கம் இருபது வருஷமாகப் போய்வருகிறவர். முதல் நாளே பலகையைச் சரியாகப் படித்துவிட்டு ஏறியவர். அண்ணனைக் 'காக்கா' என்று கூப்பிடும் அவர் ஊர் வழக்கப்படியே எஸ்றாவும் அவரைக் கூப்பிடுவான்.

"என்னா தம்பி, பலகய மாத்த மனசு வரலயோ?"

"மானேஜர் எழுதினது காக்கா. நான் எப்படி மாத்துறது?"

"மாத்தாதே, மாத்தாதே. கால நீட்டிட்டு ராசா மாதிரி போறேன். இந்த ஊரு இப்படியே இரிக்கட்டும்."

செப்டம்பரில் மானேஜர் நேரிலேயே வந்தார். எஸ்றா பலகைக்கு முன்னால் உடம்பால் மறைத்து நின்றான். மானேஜர் அவனை ஓரமாக நகரச் சொல்லிவிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"எண்பத்தஞ்சு நாழிக. செரிதான். நல்ல எழுத்து." அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. "ஆனா இந்த நங்கூரம் எதுக்கு?"

"அது சொரிமுத்து சார்."

மானேஜர் அதை ஏதோ சாமி பெயர் என்று எடுத்துக்கொண்டு மேலே கேட்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து காரியத்தைச் சொன்னார். ஆறு இருக்கைக்கு இரண்டு பேர் என்றால் கம்பெனி நடக்காது. அக்டோபர் முழுவதும் விமானம் நிறைந்து போக வேண்டும். இல்லாவிட்டால் அதைக் கோழிக்கோட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

அந்த ஞாயிறு பெஞ்சில் உட்கார்ந்ததும் எஸ்றா எல்லாவற்றையும் சொன்னான். பலகையை மாற்றாவிட்டால் விமானம் போய்விடும். மாற்றினால் தன் இருக்கை போய்விடும்.

"நீங்க என்ன நினைக்கிய?" என்று தங்கத்தாய் கேட்டாள்.

"நீ என்ன நினைக்க?"

"பாத்தியளா, நான் கேட்டா திருப்பிக் கேக்கிய." பிறகு அவளே சொன்னாள். "பிளேன் நின்னுட்டா ஒரேயடியா இல்ல. ஓடுச்சுன்னா என்னைக்காவது ஒருத்தனுக்குக் காய்ச்சல் வரும், ஒரு சீட்டு காலியாகும். மாத்திருங்க."

சொரிமுத்து வண்ண டப்பாவோடு வந்தான். "நாழிகையை அழிச்சு மைலுன்னு போடணுமா? அஞ்சாறு மாசத்துல எடம் எங்கயும் நகந்துட்டா, அண்ணாச்சி?" என்றான். நங்கூரத்துக்கு இன்னொரு பூச்சும் கொடுத்தான்.

மறுநாள் காலையில் வாசலில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஐம்பது நிமிஷம் என்பது ஐம்பது நிமிஷம்தான் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி கஷ்டப்பட்டு வேகத்தைக் கூட்டியிருக்கிறது என்று உப்பு வியாபாரி எல்லாருக்கும் விளக்கினார். முதல் டிக்கெட் வாங்கியதும் அவர்தான். புதன்கிழமை சாவகாசமாக வந்த செய்கு அப்துல் காதிருக்கு அக்டோபர் முடிவுவரை இடமே இல்லை.

"நல்லா இருந்த பலகயக் கெடுத்து வச்சிட்டியே!" என்று சத்தம் போட்டுவிட்டு ரயிலடிக்குப் போனார்.

அக்டோபரில் நாலு ஞாயிறு. நாலிலும் எஸ்றா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பையோடு, ஆறு பேரை நிறுத்து ஏற்றினான். ஆறு பேரும் ஆரோக்கியமாக இருந்தார்கள். மூன்றாவது ஞாயிறு மட்டும் ஒருவரைக் காணவில்லை. எட்டடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. எஸ்றா தராசில் ஏறித் தன் எடையைக் குறித்துக்கொண்டு விமானத்துப் படியில் ஒரு காலை வைத்தான். உடைமரங்களுக்கு நடுவே ஒரு ஜட்கா வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!" என்ற குரல் புழுதிக்கு முன்னால் வந்தது. எஸ்றா காலை எடுத்தான். வந்தவரின் பெட்டியை அவனே தூக்கி உள்ளே வைத்தான்.

விமானம் அந்த மாதம் முழுவதும் நிறைந்து போயிற்று. மானேஜர் பாராட்டிக் கடிதம் எழுதினார். நவம்பர் முதல் வாரத்தில் மழை பிடித்தது. ஓடுதளத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. பட்டாளத்தார் மழைக்காலத்தை யோசித்து அதைப் போடவில்லை போலிருக்கிறது. பத்து நாள் பார்த்துவிட்டு, விமானத்தைக் கோழிக்கோட்டுக்குக் கொண்டுபோனார்கள். பலகையை எஸ்றா வீட்டுக்கு எடுத்துவந்து அடுப்படியில் மழை ஒழுகும் இடத்தில் சாய்த்து வைத்தான்.

பழைய கப்பல் கம்பெனி அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஏழு வருஷ அனுபவம் போய், புது ஆளாக. லீவு ஞாயிறு மட்டும். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் சேர்த்துக் கேட்டு வாங்கி ரயிலில் போனான். அதில் இரண்டு நாளுக்கு மேல் ரயிலிலேயே கழிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது. "தூங்குங்க, நான் முழிச்சிருக்கேன்" என்றாள் தங்கத்தாய். பன்னிரண்டு மணிக்கு எழுப்பினாள். அடுத்த ஒரு வருஷம் கடிதம்தான்.

1948 ஆகஸ்டில் அவள் படிப்பு முடிந்தது. செப்டம்பரில் எழுதினாள்: 'கட்டாய வேலை முடிந்ததும் இங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். நல்ல உத்தியோகம். என்ன சொல்லட்டும்?'

எஸ்றா மூன்று கடிதம் எழுதினான். முதலாவதில் வந்துவிடு என்று இருந்தது. அதைக் கிழித்தான். இரண்டாவதில் ஏன் வர வேண்டும் என்பதற்கு நாலு பக்கம் காரணம் இருந்தது. அதையும் கிழித்தான். மூன்றாவதில், 'உன் இஷ்டம்' என்று அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டான்.

பதில் வரவில்லை. அக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அதில் அச்சடித்த வார்த்தைகள் மட்டுமே இருந்தன. நாசரேத்தில் தேவதாசன், "உங்களுக்கு எழுதுதாளா, மாப்பிள்ள?" என்று கேட்டார். "எழுதுதா மாமா" என்றான் எஸ்றா. "எனக்கும் எழுதுதா" என்றார் அவர்.

1949ஆம் வருஷம் பிப்ரவரி பதினேழாம் தேதி, தோணிக்குப் பொதி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், தபால்காரர் ஒரு கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பொடி எழுத்தில், விலாசப் பக்கத்திலும் கொஞ்சம் ஏறி, இப்படி எழுதியிருந்தது:

'உங்கள் இஷ்டம் என்ன என்று கேட்டதற்கு உன் இஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். மற்றவர்கள் ஏறின பிறகு இடம் மிச்சம் இருந்தால் ஏறிக்கொள்வது உங்கள் வழக்கம். அதற்கு நாலு மாதம் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. திருவனந்தபுரத்து வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாசரேத்து ஆஸ்பத்திரியில் இடம் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். மார்ச் முதல் தேதி சேர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து இருபத்துமூன்று மைல். பஸ்ஸில் இரண்டு மணி நேரமாம். ஆனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி. புதன்கிழமைதான் லீவு. ஆகவே புதன்கிழமை லீவு உள்ள வேலையாகப் பார்த்துக்கொள்ளவும். இந்தத் தடவை கேட்டு வாங்கவும்.'